லேசு

பூங்கொடி குளியலறையில் வழுக்கி விழுந்தபோது கவின் பக்கத்து அறையில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தான். நடுவில் ஒரு சுவர்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். அவள் கொடுக்கவில்லை. ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தபடி, சுவருக்கு அப்பால் அவன் யாரிடமோ குழாய்க் கசிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து, காப்பி போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தவன், பதில் வராததால் கதவைத் தள்ளிப் பார்த்தான். அவள் இடுப்பு வீங்கியிருந்தது. குளிரில் உதடு நடுங்கியது.

"ஏனுங்கத்தை கூப்பிடல?"

"நீங்க வேலையா இருந்தீங்க மாப்ளே."

அவளைத் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டு போனான். அந்தக் கொஞ்ச தூரம் முழுக்க அவள் கண்களை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். வலியால் அல்ல என்பது அவனுக்குத் தெரியும். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை வந்து நின்றால் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாள். அப்படி வளர்ந்தவளை அந்த மாப்பிள்ளையே ஈரத்துணியோடு தூக்கிப் போவது அவளுக்கு விழுந்ததைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

பூங்கொடி கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். கணவன் இளம் வயதிலேயே போய்விட்டான். யாரிடமும் கை நீட்டாமல் ஒரே மகள் நிலானியைப் படிக்க வைத்துக் கவினுக்குக் கட்டிக் கொடுத்தாள். கல்யாணமான சில வருடங்களில், ஒரு மழைக்காலத்து விஷக் காய்ச்சலில் நிலானி இறந்தாள். காரியம் முடிந்ததும் கவின் உடுமலைக்கு, அவன் அப்பா அம்மாவிடம் போய்விடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் போகவில்லை. வடவள்ளியில் அத்தையின் வீட்டிலேயே தங்கிவிட்டான். நிலானியின் பெயரைக் குரல் தாழ்த்தாமல் சொல்ல அந்த வீட்டில் மட்டுமே முடிந்தது. நகரின் குடிநீர்க் குழாய்கள் பூமிக்கடியில் எங்கே கசிகின்றன என்பதைத் திரையில் பார்த்துச் சொல்வது அவன் வேலை. எங்கிருந்தும் செய்யலாம். அதனால் அவன் ஏன் அங்கேயே இருக்கிறான் என்ற கேள்வி எழவே இல்லை.

பிறகு அத்தைக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. அதோடு அந்தக் கேள்வியும் வந்தது. அதை அத்தைதான் கேட்டாள். தினமும் கேட்டாள். உங்க வயசு போகுதுங்க மாப்ளே, ஒரு பொண்ணைப் பாருங்க, என்னை ஒரு ஹோமுல விட்டுட்டுப் போங்க என்பாள். கீமோ ஏற்றிக்கொண்டு வந்த நாட்களில், வாந்தியெடுத்த வாளியை அவனுக்குத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கழுவி வைப்பாள். அப்படிக் கழுவப் போனபோதுதான் விழுந்தாள்.

இடுப்பில் எலும்பு முறியவில்லை. ஆனால் படம் எடுக்கப் போன இடத்தில் கவினுக்கு வேறொரு செய்தி காத்திருந்தது. நோயாளிகளின் மனநலத்தைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் ஷமீமா அவனைத் தனியாக அழைத்து உட்கார வைத்தாள். கட்டி நன்றாகச் சுருங்கி வருகிறது, மருந்து வேலை செய்கிறது, ஆனால் இனிமேல் கீமோ வேண்டாம் என்று உங்கள் அத்தை போன வாரமே போன் செய்து சொல்லிவிட்டார்கள் என்றாள். கவினிடம் அத்தை வேறு மாதிரிச் சொல்லியிருந்தாள். போதும் என்று டாக்டர்களே நிறுத்திவிட்டதாக.

"காரணம் கேட்டேன். மாப்பிள்ளைக்குப் பாரமா இருக்கேன்னாங்க. நோய் முத்தி நிறுத்தறவங்களைப் பார்த்தா எனக்கு வருத்தம்தான், ஆனா புரியும். இந்த நினைப்பாலயே நிறுத்திடறவங்களைத்தான் தாங்க முடியல. நிறையப் பேரைப் பார்த்துட்டேன்."

"நான் ஒரு நாளும் மூஞ்சி சுளிச்சதில்லைங்க."

"தெரியும். நீங்க சுளிச்சிருந்தாக்கூட அவங்களுக்குச் சுலபமா இருந்திருக்கும்." டாக்டர் தன் தலையின் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினாள். "இது வெறும் நினைப்பு இல்ல. மூளையில ஒரு இடத்துல வலி மாதிரியே எரியுது. நாம எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் அது அணையாது. காந்த அதிர்வு கொடுத்து அந்த இடத்தை அமைதிப்படுத்தலாம். கத்தி இல்ல, ஊசி இல்ல. தொப்பி மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டு உட்காரணும். மாசம் ஒரு தடவை."

அந்த மருத்துவமனையில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. நோயாளிகள் அதை ‘லேசு’ என்றார்கள். லேசு வைத்துக்கொண்டீர்களா என்று வரிசையில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

ஆள் மாறிவிடுவார்களா என்று கவின் கேட்டான். டாக்டர் கொஞ்சம் யோசித்தாள். பாரம் தெரியாத மனுஷியாக மாறுவார்கள், அது எப்படி இருக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு என்றாள். அந்தப் பதிலை அவன் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. அத்தை மறுபடி கீமோவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

பூங்கொடி ஒப்புக்கொள்ளவில்லை. உடம்பில் எங்கு வேண்டுமானாலும் குத்தட்டும், மனசில் கை வைக்கக் கூடாது என்றாள். இரண்டு நாள் பேசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கவின், "எனக்காகப் பண்ணிக்கங்கத்தை. உங்களை இப்படிப் பாக்க எனக்குக் கஷ்டமா இருக்குது" என்றான். உடனே சரி என்றாள். அவனுக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாதே என்பதற்காகத்தான் அதற்குச் சம்மதிக்கிறாள் என்பது இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

முதல் லேசு முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாலை, வேலையில் இருந்த கவினுக்கு அடுத்த அறையிலிருந்து குரல் கேட்டது. பள்ளி மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய குரல். நோய் வந்ததிலிருந்து அவன் அதைக் கேட்டதே இல்லை.

"மாப்ளே, குடிக்கக் கொஞ்சம் சுடுதண்ணி கொண்டாங்க."

கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீரை வாங்கிக் குடித்தாள். மன்னிச்சுக்கங்க என்று சொல்லவில்லை, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு இருக்கலாம் என்றாள். சமையலறைக்கு வந்து தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுக் கவின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ரொம்ப நாள் கழித்து அழுகை வந்தது. அன்று குளியலறைக் கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உறங்க வேண்டியிருக்கவில்லை. வேண்டுமென்றால் கூப்பிடுவாள்.

கீமோ மறுபடி தொடங்கியது. வாளியை நீட்டினால் வாங்கிக்கொண்டாள். கால் எரிகிறது என்று சொல்லி அவனை எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். மாப்பிள்ளை மாமியார் காலைத் தொடுவதா என்ற பேச்சே இல்லை. தன் மாணவிகளைப் பற்றி, கால் உடைந்தும் ஓடி ஜெயித்த ஒருத்தியைப் பற்றி, பேருந்தில் வாந்தியெடுத்தே மாநிலப் போட்டிவரை போய்ச் சேர்ந்த ஒரு கூட்டத்தைப் பற்றியெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நிலானியைப் பற்றியும் பேசினாள். கட்டி மேலும் சுருங்கியது. டாக்டர் ஷமீமாவைப் பார்த்தபோது கவின் கையெடுத்துக் கும்பிட்டான்.

மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கண்ணில் பட்டது. அவன் முக்கியமான வேலையில் இருக்கிறானா என்று அவள் பார்ப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டாள். உப்பு குறைச்சல், ரசம் ஆறிவிட்டது, மின்விசிறி சத்தம் போடுகிறது. சொல்வதில் கோபம் இல்லை, அதிகாரம் இல்லை, வெளியே வெயில் அடிக்கிறது என்பதுபோல் சொன்னாள். நீங்க சாப்டீங்களா என்று மட்டும் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அவனிடம் அவள் கேட்காத நாளே கிடையாது அந்தக் கேள்வியை.

ஒரு வாரம் கவினுக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. தன்னுடைய காய்ச்சல் கீமோ உடம்புக்குத் தொற்றக் கூடாது என்று முகத்தை மூடிக்கொண்டு அவள் அறை வாசலில் நின்று, இன்னைக்குக் கடையில் வாங்கிக்கலாமா என்று கேட்டான். பூங்கொடி அவனை நேராகப் பார்த்தாள். அவன் உடல் தள்ளாடுவது தெரியாமல் இருக்காது.

"கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துக்காதுங்க. கஞ்சி வெச்சுக் குடுங்க."

அவன் கஞ்சி வைத்தான். அடுப்பருகே சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றபோது, நிலானி இருந்திருந்தால் இதை அவளிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம் என்று நினைத்தான். பிறகு இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்றும் நினைத்தான். யாருக்காக இந்தக் கஞ்சியை வைக்கிறோம் என்ற கேள்வி அன்றுதான் முதன்முதலாக வந்தது. உள்ளே படுத்திருப்பது அத்தைதானா?

அத்தைக்கு இரண்டாவது லேசும் முடிந்தது. அந்தச் சமயத்தில் அவன் வாழ்க்கையில் தாரணி இருந்தாள். அதே நிறுவனத்தில் திருப்பூர்ப் பகுதிக் குழாய்களைப் பார்ப்பவள். முதலில் வேலைப் பேச்சு, பிறகு எல்லாப் பேச்சும். நேரில் நாலைந்து முறைதான் சந்தித்திருந்தார்கள். கல்யாணம் என்ற சொல்லை அவள்தான் எடுத்தாள். அத்தை இருக்கும்வரை என்னால் எங்கும் நகர முடியாது, கொஞ்சம் காத்திருக்க முடியுமா என்று கவின் கேட்டான்.

தாரணி கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"காத்திருக்கறேன்னு நான் சொன்னா, எதுக்குக் காத்திருக்கறேன்னு அர்த்தம் கவின்? ஒருத்தங்க எப்பப் போவாங்கன்னு நான் தினமும் உங்ககிட்ட விசாரிக்கோணுமா? அவங்களுக்கு நல்லாயிட்டிருக்குதுன்னு நீங்க சொன்னா எனக்குச் சந்தோசமா இருக்கோணுமா, வருத்தமா இருக்கோணுமா? என்னால அப்படி ஒரு ஆளா ஆக முடியாதுங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் கவின் அத்தையிடம் சொல்லிவிட்டான். அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நோய் வந்த நாள் முதலாய் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கங்க என்று அவனை விரட்டியவள் அவள்தானே. தாரணியைப் பற்றி, அவள் குடும்பத்தைப் பற்றி, எல்லாம் சொன்னான். பூங்கொடி முழுக்கக் கேட்டாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப என்னை யாரு பாத்துக்குவாங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளே கவின் டாக்டர் ஷமீமாவிடம் போனான். நீங்கள் அந்த நினைப்பை மட்டும் எடுக்கவில்லை, வேறெதையோ சேர்த்து எடுத்துவிட்டீர்கள் என்றான். டாக்டர் மறுக்கவில்லை.

"நான் இவருக்குப் பாரம்ங்கறதை உணர்ற இடமும், இவர் எதையோ சுமக்கிறார்னு உணர்ற இடமும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கு. ஒண்ணை அமைதிப்படுத்தினா அடுத்ததும் கொஞ்சம் மங்குது. சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு நிறைய. இதைத்தான் ஆளுக்கு ஆள் வேறன்னு அன்னிக்குச் சொன்னேன். இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்."

"இப்ப என்ன பண்ணலாமுங்க?"

"நிறுத்தலாம். நிறுத்தினா ரெண்டும் திரும்பி வரும். அவங்க மறுபடி கீமோ வேண்டாம்னு சொன்னா, கட்டியும் திரும்பி வரும். லேசு வேணுமான்னு அவங்களைக் கேட்டா வேணும்னுதான் சொல்வாங்க. வேண்டாம்னு சொல்ல வைக்கிற இடத்தைத்தான் நாம தூங்க வெச்சிருக்கோம். நான் அவங்ககிட்டப் பேசறேன். நீங்களா எதுவும் செஞ்சிடாதீங்க."

கவின் தானாகவேதான் செய்தான். மூன்றாவது லேசுக்கான நாள் வந்தபோது, கருவி பழுதாகிவிட்டதாம், சரிசெய்து முடிந்ததும் சொல்கிறார்களாம் என்று அத்தையிடம் சொன்னான். மருத்துவமனைக்கு, அத்தைக்கு உடம்பு முடியவில்லை, அடுத்த கீமோவோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று செய்தி அனுப்பினான். இரண்டு பக்கமும் பொய்.

அதன்பிறகு அவன் அவள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பார்த்தான். வாளியை எடுக்கும்போது பார்த்தான். எங்கே அந்தக் கூச்சம், எங்கே அந்தத் தயக்கம். அவள் ஒரு தரம் மன்னிச்சுக்கங்க மாப்ளே என்று சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது. நோயில் கிடக்கும் ஒருத்தி குற்ற உணர்வில் துடிக்க வேண்டும் என்று காத்திருக்கும் ஆளாகத் தான் ஆகிவிட்டது அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது. நிறுத்த முடியவில்லை.

அவள் மாறவில்லை. காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்றாள். கால் பிடித்துவிடச் சொன்னாள். ஒரு நாள் அவன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்த வேகத்தில் அது கவிழ்ந்தது. அவள் எண்ணெய் தரையில் பரவுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கீமோ நாளன்று டாக்டர் ஷமீமா மூளைப் படம் ஒன்றை எடுக்கச் சொன்னாள். மூன்றாவது லேசு தள்ளிப்போயிருந்ததால், எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்காமல் மேற்கொண்டு கொடுக்க முடியாது என்றாள். படம் வந்ததும் இருவரையும் கூப்பிட்டாள். கவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். இவரை வெளிய அனுப்பிட்டுக் கேக்கட்டுமா?" என்றாள் டாக்டர்.

"வேண்டாமுங்க. இருக்கட்டும்."

"ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்குன்னு கேட்டப்ப, லேசா இருக்குன்னுதான் சொன்னீங்க. இந்தப் படத்துல அப்படி இல்ல. அந்த இடம் முழுசா முழிச்சுக்கிட்டு இருக்கு. நேத்து இன்னிக்கு முழிச்சதா தெரியல. ரெண்டாவது லேசு உங்களுக்கு நிலைக்கவே இல்லைன்னு நினைக்கிறேன். ஆரம்பத்துல இருந்ததைவிடவும் அதிகமா எரியுது."

பூங்கொடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆமாங்க என்றாள்.

கவினுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. சர்க்கரை, எண்ணெய், கால்வலி. தாரணியைப் பற்றிச் சொன்னபோது சன்னல் பக்கம் திரும்பிய முகம். அத்தனையும் லேசின் வேலை என்று நினைத்திருந்தான். அத்தனையும் அத்தை.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். மருத்துவமனைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நோயாளிகளோடு வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடம் ஒன்று இருந்தது. அன்று காலியாகத்தான் இருந்தது. அங்கே நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"ஏன் சொல்லலீங்கத்தை?"

முதல் லேசு நிஜமாகவே லேசாக இருந்தது என்றாள். காற்றில் வைத்த மாதிரி இருந்தது. அவனுக்குக் காய்ச்சல் வந்து வாசலில் நின்றபோது கண்ணுக்குத் தெரிந்ததே ஒழிய, மனசில் எதுவுமே ஏறவில்லை. ஒரு மரம் ஆடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்தாளாம். இரண்டாவது லேசு முடிந்து சில நாளில் பழைய எரிச்சல் திரும்பியது. திரும்பியதும் முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்தக் கஞ்சிதான்.

"அதை நெனச்சா இன்னும் பயமா இருக்குதுங்க மாப்ளே. அப்படி ஒரு கல்லு எனக்குள்ள இருந்துச்சுன்னு."

"அப்பறம் எதுக்குங்க அதே மாதிரி நடந்துக்கிட்டீங்க?"

"நான் தண்ணி கேட்டன்னைக்கு உங்க மூஞ்சியைப் பாத்தேன். அன்னைக்குத்தான் நீங்க நிம்மதியாத் தூங்குனீங்க. மறுபடி பழைய மாதிரி ஆயிருச்சுன்னு சொன்னா, நீங்க மறுபடி கதவுல காதை வெச்சுட்டுக் கெடப்பீங்க. அது மட்டுமில்ல. பொய் சொல்லக் கூடாது. கேக்கறது நல்லா இருந்துச்சு. என் ஆயுசுல யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல. எரிச்சலோடயே கேட்டேன். நெஞ்சு பதறப் பதறக் கேட்டேன். பழியை அந்தத் தொப்பி மேல போட்டுட்டேன்."

"தாரணி விஷயமும் அப்படித்தானுங்களா?"

"அது பயமுங்க. நிலானி போயிட்டா. நீங்களும் போயிட்டா அந்த வீட்டுல அவ பேரை நான் யாருகிட்டச் சொல்றது? போங்க போங்கன்னு உங்களை வெரட்டுன அன்னைக்கெல்லாம் உள்ளுக்குள்ள இதுதான் இருந்துச்சு. வெரட்டறது லேசா இருந்துச்சு. நீங்க நெசமாவே கெளம்பற மாதிரி வந்து நின்னதும் வாயில வந்திருச்சு."

கவினுக்குக் கோபம் வந்தது. எந்த மாதங்களில் எந்தப் பொய்யை நம்பி வாழ்ந்தோம் என்று கணக்குப் பார்க்கக்கூட முடியாத கோபம். தாரணியிடம் பேசாமல் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவள் முந்திக்கொண்டாள்.

"கருவி பழுதுன்னு சொன்னீங்க. நான் இங்க போன் பண்ணிக் கேட்டேன் மாப்ளே. நல்லாத்தான் ஓடிட்டிருக்குதுன்னாங்க."

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"பாரமா இருக்கறோமேன்னு நான் நெனைக்கோணும்னு நீங்க காத்துட்டிருந்தீங்க. ஒவ்வொரு தடவையும் என் மூஞ்சியப் பாத்தீங்க. எனக்குத் தெரிஞ்சுது. அப்பத்தான் சொல்லியிருக்கோணும். சொல்ல முடியல."

சற்று தூரத்தில் யாரோ குழாயைத் திறந்து டிபன் பாத்திரம் கழுவினார்கள். இருவரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். பூங்கொடியின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. கீமோ ஏற்றிய உடம்பு.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நான் உங்களுக்குப் பாரந்தானுங்களே?"

நோய் வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை அவள் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறாள். உறவுக்காரர்கள், டாக்டர்கள், கவின், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். சேச்சே, அப்படியெல்லாம் இல்லை. இப்போதும் அதே பதில் கவினின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவன் அதைச் சொல்லவில்லை.

"ஆமாங்கத்தை. சில நாள் ரொம்பப் பாரந்தான்."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. அவன் எதிர்பார்த்ததுபோல் ஒடிந்து போகவும் இல்லை. இல்லை இல்லை என்று ஊரே சொன்னபோதெல்லாம் தான் மட்டும் தனியாக நின்று ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, இன்னொரு ஆள் வந்து பக்கத்தில் நின்றதுபோல் இருந்தது.

"கோவமா இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க. ரொம்ப."

"சரி. எனக்குக் கொமட்டுது. பிடிச்சுக்கங்க."

அவன் கோபத்தோடுதான் எழுந்தான். கோபத்தோடுதான் அவள் தோளைப் பிடித்து மரத்தடிப் பக்கம் சாய்த்து, நெற்றியைத் தாங்கிக்கொண்டான். கை என்னவோ பதமாகத்தான் இருந்தது.

டாக்டர் ஷமீமா இன்னும் கூட்டிய அளவில் லேசு வைத்துப் பார்க்கலாம் என்றாள். முடிவை நீங்களே எடுங்கள் என்று பூங்கொடியிடமே விட்டாள். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பூங்கொடி வேண்டாம் என்று சொன்னாள். கீமோ வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை முடித்தே தீருவேன் என்றாள். பகலில் கூட இருக்க ஒரு நர்ஸ் அம்மாவை வைத்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டாள். வெளியாள் கை தன்மேல் படக் கூடாது என்று அதுவரை பிடிவாதமாக இருந்தவள். வந்த அம்மா அதிகம் பேசுகிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டாள். ஆனால் அனுப்பச் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வேப்பமரத்தடியில் பேசியதற்குப் பிறகு பல நாட்கள் கவின் தேவைக்கு மேல் அவளோடு பேசவில்லை. அவளும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. பழைய எரிச்சல் சில நாட்களில் அவளைப் புரட்டியெடுத்தது. அப்படிப்பட்ட ஒரு மத்தியானம், என்னை ஹோமுல விட்டுடுங்க என்று மறுபடி ஆரம்பித்தாள். நிஜமாகவே சொல்கிறீர்களா, பயத்தில் சொல்கிறீர்களா என்று கவின் கேட்டான். பயத்தில்தான் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குத் திரும்பினான்.

தாரணியை வீட்டுக்கு அழைத்து வரும்படி பூங்கொடிதான் சொன்னாள். தாரணி சொன்ன காரணத்தைக் கவின் அதற்குள் அத்தையிடம் சொல்லியிருந்தான். மூடி மறைக்காமல், காத்திருப்பதைப் பற்றி அவள் பேசியதை அப்படியே. தாரணி முதலில் தயங்கினாள். கவின் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள். கட்டிலுக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

கவின் சமையலறைக்குப் போனான். கதவு திறந்துதான் இருந்தது. திருப்பூரில் எந்தப் பக்கம் என்று பூங்கொடி கேட்டாள். தாரணி சொன்னாள்.

"கண்ணு, உனக்கு ஒண்ணு சொல்றேன். நான் நல்ல மனசோட சொல்றதா நெனச்சுக்க வேண்டாம்" என்றாள் பூங்கொடி. "நீ வர்றது எனக்குப் பிடிக்கல. அவரு போயிருவாரோன்னு பயமா இருக்குது. எனக்குத் தொந்தரவு நெறைய. வாந்தியெடுப்பேன், குறை சொல்லுவேன். இந்தக் கீமோவுக்குக் கேட்டாலும் சீக்கு மறுபடி வரும்னுதான் சொல்றாங்க. எப்பன்னு அவங்களுக்கே தெரியாது."

தாரணியின் கையில் பழப்பை அப்படியே இருந்தது.

"அதனால எனக்காக நீ காத்திருக்க வேண்டாம். எப்படா போவாளோன்னு பாத்துட்டு இருக்கறது உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. வர்றதா இருந்தா நான் இருக்கறப்பவே வா. வராட்டி இன்னைக்கே சொல்லிரு."

அடுப்பில் பால் பொங்கி வந்தது. கவின் தீயைக் குறைத்துவிட்டு அசையாமல் நின்றான்.

"எனக்கும் பயமா இருக்குதுங்க" என்று தாரணியின் குரல் கேட்டது. "எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. எங்க வீட்டுல யாருக்கும் இப்படி வந்ததில்ல. என்னால முடியாமப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

"முடியாத அன்னைக்கு முடியலைன்னு சொல்லு. எனக்கு எரியும். எரியட்டும்."

கவின் மூன்று டம்ளர்களில் காப்பியை எடுத்துக்கொண்டு வந்தபோது, தாரணி நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். போகத்தான் எழுந்தாளோ என்று அவனுக்கு ஒரு கணம் திக்கென்றது. பூங்கொடி இரண்டு கைகளையும் ஊன்றி, மூச்சுவாங்க, உடம்பைச் சுவர்ப் பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அவன் உதவப் போனான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கட்டிலில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் ஆனதும் நிறுத்தினாள். தாரணி அந்த இடத்தைப் பார்த்தாள். பழப்பையைத் தரையில் வைத்துவிட்டு, உட்கார்ந்தாள்.